கொய்யாவை வெட்டினால் காய் குறையுமா, கூடுமா?

"நாலு வருஷக் கொய்யா. ஆள் உயரம் தாண்டிவிட்டது, உச்சியில் மட்டும் நாலைந்து காய். வெட்டினால் அதுவும் போய்விடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

போகாது. கொய்யா பூப்பது அந்தந்தப் பருவத்தில் விட்ட புதுத் துளிரின் இலைக்கோணங்களில். துளிர் கூடினால் பூவும் கூடும். மாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது முற்றிய கிளையின் நுனியில் பூங்கொத்து விடும் மரம். மார்கழியில் அதில் கத்தி வைத்தால் அந்த வருஷத்துப் பூவையே வெட்டிப் போட்டதாகும்.

நுனி போனால் பக்கக் கிளை வருவது ஏன்? நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, கோண மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். 1930களில் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். மொட்டுகள் அடங்கியே கிடந்தன. அத்தோடு விஷயம் முடிந்தது போலத்தான் இருந்தது.

ஆனால் நேரக் கணக்கு உதைக்கிறது. ஆக்சின் மணிக்குச் சுமார் 1 செ.மீ. தான் நகரும். வெட்டுக்கு 40 செ.மீ. கீழே இருக்கும் மொட்டைச் சுற்றி ஆக்சின் வடிய ஒரு நாளுக்கு மேல் ஆக வேண்டும். பட்டாணிச் செடியிலோ அந்த மொட்டு சில மணி நேரத்திலேயே வளரத் தொடங்கிவிடுகிறது! 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்ன விடை, சர்க்கரை. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை, உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயம் வழியே பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, ஆக்சினைவிடப் பல மடங்கு வேகத்தில். நுனியை வெட்டாமல் சர்க்கரை மட்டும் ஊட்டியபோதும் மொட்டு விழித்தது. ஆக்சினின் பங்கு அதற்குப் பிறகு, விழித்த மொட்டு தொடர்ந்து வளர்வதில்.

 

சர்க்கரை இலையிலிருந்து வருவதால், மரத்தை மொட்டையடிக்கக் கூடாது. ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் எடுத்தால் வேர் பெரிதாகவும் தழை சிறிதாகவும் ஆகிப் போத்துகள்தான் (நெட்டையாக நிமிர்ந்து வளரும் துளிர்கள்) கிளம்பும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: செப்டம்பர்–அக்டோபரிலும் பிப்ரவரி–மார்ச்சிலும், போன பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியை 10–15 செ.மீ. நீளத்துக்குக் கவாத்து செய்வது. கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால் வெட்டுங்கள். அரிவாளால் கொத்தினால் பட்டை கிழிந்து பூஞ்சை நுழையும். கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டில், பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையைத் தடவுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். அமாவாசையா பௌர்ணமியா என்று பார்க்க வேண்டாம்; மழை வருமா என்று பாருங்கள், ஈர வெட்டுதான் அழுகும்.

வெட்ட மனம் வராதவர்கள், நிமிர்ந்த கிளையை வளைத்துத் தரையில் அடித்த முளையில் கட்டலாம். கிடையாகப் படுத்த கிளையில் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, மேல்பக்க மொட்டுகள் வரிசையாகத் துளிர்க்கும். அளவுக்கு மீறி வளைத்து நுனி தரையைப் பார்த்தால், வளைவின் முதுகில் ஒரே ஒரு போத்து செங்குத்தாகக் கிளம்பும். அது இளசாக இருக்கும்போதே கையால் ஒடித்துவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.