ப்ளூ-ரேயில் போட்டால் தெளியாது, ஆச்சி

இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது. அதனால்தான், பழைய வீடியோக்களை மீட்டுப் பிரதி எடுத்துத் தருகிற என் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது. ஈரிழைத் துண்டில் சுற்றி ஒரே ஒரு டிவிடி. 1994இல் நடந்த அவர்களுடைய அறுபதாம் கல்யாணம். செட்டியார் போன வருடம் தவறிவிட்டார். கோலாலம்பூரிலிருந்து மகன் போனில் பேசினார். "அண்ணே, இதை ப்ளூ-ரேயில போட்டுருங்க. ஃபோர் கேன்னா இன்னும் நல்லது. அப்பச்சி முகம் பளிச்சுன்னு தெரியணும்." (ப்ளூ-ரே என்பது டிவிடி மாதிரித் தட்டுதான், கொள்ளளவு அதிகம். ஃபோர் கே அதைவிட நுணுக்கமான படம்.)

தட்டைத் திருப்பிப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. மேலே பிள்ளையார் படம் போட்ட காகித ஸ்டிக்கர். அடிப்பக்கம் ஊதா நிறம் இருக்க வேண்டிய இடத்தில் ஓரமெல்லாம் வெளிறிக் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். முகப்பில் சந்தனம் கொடுக்கிறார்கள், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிறார், இரண்டாங்கட்டில் பந்தி நடக்கிறது. அப்புறம் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. டிவிடியை மிஷின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிக்கும். தட்டு கெடுவதோ பெரும்பாலும் ஓரத்திலிருந்து. அதனால் விருந்தாளிகள் பிழைத்தார்கள், திருப்பூட்டுதல், அதாவது தாலி கட்டுவது, போய்விட்டது. மூன்று டிரைவ் மாற்றி, இரண்டு நாள் மல்லுக்கட்டி, மூன்று மணி நேரத்தில் நாற்பத்தோரு நிமிடம் மீட்டேன்.

"ஒரிஜினல் கேசட்டு எங்க ஆச்சி?"

"அதான் சிடி போட்டாச்சேன்னு பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சுப்பா. அவுக இருந்தப்பவே."

இதுதான் நாலு பேர் வீட்டிலும் நடந்தது. புதுத் தட்டு வந்தது, பழையது எடைக்குப் போனது. அந்த டிவிடியை எழுதியது வேறொரு கடை. ஆனால் எனக்கும் இதில் பங்கு உண்டு. 2007, 2008 வாக்கில் நானும் இதே காரைக்குடியில் கவுண்டரில் நின்றுகொண்டு, "கேசட்டு பூஞ்சை பிடிக்கும், டிவிடி நூறு வருஷம் வரும்" என்று சொல்லி விற்றவன்தான். டப்பாவில் அப்படிப் போட்டிருந்தது, நம்பினேன். கம்பெனியில் அச்சடித்து வரும் சினிமா டிவிடி வேறு, நாங்கள் கடையில் ரைட் பண்ணிக் கொடுக்கும் டிவிடி வேறு என்பதை அன்றைக்கு யாரிடமும் சொன்னதில்லை. முதலாவதில் படம் பள்ளமாக அச்சாகி இருக்கும். இரண்டாவதில் ஒரு சாயப்பூச்சு, அதை லேசர் சுட்டு எழுதுகிறது. சாயம் வெளுக்கும், அவ்வளவுதான். சுங்குடிச் சேலை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். "ப்ளூ-ரேயில் போட்டால் தெளிவாகிவிடும்."

ஆகாது. கால் படி கவுனி அரிசியை எடுத்துப் பெரிய மரக்காலில் கொட்டுங்கள். மரக்கால் அரிசி ஆகிவிடுமா? ப்ளூ-ரே என்பது மரக்கால். உள்ளே என்ன கொட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கணக்கே சொல்கிறேன். விசிடியில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளிகள். டிவிடியில் நாலு லட்சம் சொச்சம். ப்ளூ-ரேயில் இருபது லட்சம். ஃபோர் கே என்றால் எண்பத்து மூன்று லட்சம். 1994இல் தோளில் கேமராவைச் சுமந்து எடுத்த விஎச்எஸ் கேசட் குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகளைத்தான் பிரித்துக் காட்டும். டிவிடியே அதற்குத் தாராளமான பாத்திரம். அதை ப்ளூ-ரேயில் ஏற்றினால், மங்கலான படம் அதே மங்கலோடு பெரிய தட்டில் உட்கார்ந்திருக்கும். அதிலும், விஎச்எஸ்ஸிலிருந்து டிவிடிக்கு மாற்றும்போதே அமுக்கிச் சுருக்கியிருப்பார்கள். மூன்று மணி நேரத்தை 4.7 ஜிபிக்குள் திணித்தால் வேறென்ன ஆகும்? நகரும் கையெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். அந்தச் சதுரங்களையும் ப்ளூ-ரே பத்திரமாகக் காப்பாற்றும்!

உடனே ஒரு கேள்வி வரும். ஒவ்வொருவரும் கேட்பதுதான். "அப்ப அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தையெல்லாம் ஃபோர் கேவில் விடுகிறார்களே, அது எப்படி?" அது 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தது. பிலிம் நெகட்டிவில் விவரம் நிறைய இருக்கிறது, இத்தனை நாள் நாம்தான் அதை முழுதாகப் பார்க்கவில்லை. இப்போது நல்ல ஸ்கேனரில் வைத்துப் புதிதாக எடுக்கிறார்கள். ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் பிடித்த காலத்தில் ஓடியது அந்தப் பிலிம். உங்கள் அறுபதாம் கல்யாணத்தை எடுத்தது காந்த நாடாவில். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். (உங்கள் வீட்டில் 8 மில்லிமீட்டர் பிலிம் சுருள் இருந்தால் நிலைமை வேறு. பர்மா, மலேயாவில் கடை வைத்திருந்த சில வீடுகளில் அந்தக் காலத்துக் கேமராவே இருந்தது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் புரொஜக்டரில் மாட்டாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.)

இப்போது புதிதாக ஏஐ வேறு. மங்கல் படத்தைக் கொடுத்தால் அது தெளிவாக்கித் தருகிறது என்று பேரப்பிள்ளைகள் போனில் காட்டுகிறார்கள். தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஆயா முகம் இல்லை. இல்லாத புள்ளியை அது ஊகித்து நிரப்புகிறது. ஒரு வீட்டில் ஏழு கல் வைரத் தோட்டைப் பிளாஸ்டிக் பொத்தான் மாதிரி ஆக்கி வைத்திருந்தது. ஆச்சிகள் இதைப் பார்த்தால் ஏஐயை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். ஆசைக்கு ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூலத்தின் மேல் கை வைக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி, புதுத் தட்டு வந்தால் பழைய தட்டு ஒழிந்துவிடுமா என்பது. இருபது வருடமாக இதைக் கேட்கிறேன். 2006இல் இரண்டு புதுத் தட்டுகள் சண்டைக்கு வந்தன. ஒரு பக்கம் தோஷிபாவின் எச்டி டிவிடி, ஓர் அடுக்குக்கு 15 ஜிபி. இன்னொரு பக்கம் சோனி கூட்டத்தின் ப்ளூ-ரே, 25 ஜிபி. இரண்டுமே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். பழைய டிவிடியின் சிவப்பு லேசர் 650. லேசர் மெலிந்தால் எழுத்தும் நுணுகும், அதே அகலத் தட்டில் அதிகம் கொள்ளும். 2008 ஜனவரியில் ஹாலிவுட் படக் கம்பெனியான வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா கையைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் எச்டி டிவிடி பிளேயர்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பள்ளத்தூர்க்காரர் ஒருவர் மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றைத் தூக்கி வந்து என்னிடம் காட்டினார். 110 வோல்ட் பெட்டியை நம் ஊர்ப் பிளக்கில் சொருகி, காட்டுவதற்கு முன்பே புகைய விட்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

ப்ளூ-ரே ஜெயித்தது, சரி. ஜெயித்து என்ன? நம் பக்கம் எத்தனை வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் பார்த்திருக்கிறீர்கள்? 2016இல் ஃபோர் கே ப்ளூ-ரே வந்தது, 100 ஜிபி வரை கொள்ளும், படம் அருமையாக இருக்கும். 2019இல் சாம்சங் அமெரிக்காவில் புது ப்ளூ-ரே பிளேயர் மாடல் இனிக் கொண்டுவர மாட்டோம் என்றது. 2025 பிப்ரவரியோடு சோனி, எழுதக்கூடிய வெற்று ப்ளூ-ரே தட்டு தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஜெயித்தவன் கதை இது. டிவிடியை வெளியேற்றியது ப்ளூ-ரே கிடையாது. போனும் பென் டிரைவும் யூடியூபும்தான். இவ்வளவுக்குப் பிறகும் டிவிடி ஒழிந்துவிட்டதா? உங்கள் வீட்டு டிவி ஷோகேஸைத் திறந்து பாருங்கள், ஐம்பது இருக்கும். தட்டு ஒழிவதில்லை, அதை ஓட்டும் பெட்டிதான் முதலில் போகிறது. உலகத்தில் கடைசியாக விசிஆர், அதாவது கேசட் ஓட்டும் டெக், செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்தியது. இப்போது என்னிடம் இரண்டு டெக் ஓடுகிறது. உதிரி பாகத்துக்காக மூன்றாவதை முனீஸ்வரன் கோயில் தெருவில், பர்மாத் தேக்குத் தூணுக்கும் எனாமல் கேரியருக்கும் நடுவில் கண்டுபிடித்தேன். புராதனப் பொருள் என்று விலை சொன்னார்கள். நான் தினமும் வேலை பார்க்கிற மிஷின்!

ப்ளூ-ரேயில் எழுதித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் கடைகள் இருக்கின்றன. பெயர் சொல்லிப் பகை வளர்க்க வேண்டாம். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இதை எந்தப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது?" ப்ளூ-ரே பிளேயரில் டிவிடி ஓடும், டிவிடி பிளேயரில் ப்ளூ-ரே ஓடாது. புது லேப்டாப்பில் தட்டு போடும் இடமே இல்லை. கூடவே இன்னொன்று, இது நம் ஊருக்கென்றே வந்த வில்லங்கம். கம்பெனி சினிமாத் தட்டுகளில் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று மண்டலக் குறி இருக்கும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரும் சினிமா டிவிடிகளுக்கு மண்டலம் 3, நமக்கு 5. ப்ளூ-ரேயில் அவர்களுக்கு ஏ, நமக்கு சி. அங்கே ஓடியது இங்கே ஓடவில்லை என்றால் தட்டைத் தேய்க்காதீர்கள். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே கீறல் போட்டுவிட்டு வருகிறார்கள். துடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். சட்டி துலக்குவது போல வட்டமாகச் சுற்றக் கூடாது.

கேசட்டைப் பற்றி. தூக்கிப் போடாதீர்கள். எத்தனை காப்பி எடுத்திருந்தாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். அதுதான் மூலம், நாளைக்கு இன்னும் நல்ல கருவியில் இன்னொரு முறை எடுக்கலாம். படுக்க வைக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். கேசட்டின் சின்னச் சன்னல் வழியாக நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதைப் போய் "ஓடுதா பார்ப்போம்" என்று டெக்கில் போட்டால் நாடாவும் கிழியும், நாடாவைப் படிக்கும் ஹெட்டும் அடைக்கும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். போன வருடம் ஒரு வீட்டில் வளவில் அப்பளத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கேசட்டுகளை வெயிலில் காய வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், என்ன சொல்ல. நெளிந்துபோன பிளாஸ்டிக்கோடு வந்தார்கள். 2000க்குப் பிறகு எடுத்த சின்ன மினிடிவி (MiniDV) கேசட் என்றால் இன்னும் அவசரம். அதைப் படிக்கப் பெரும்பாலும் அந்த வகைக் கேமராவே வேண்டும், கேமராவோ எல்லாம் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜிபி ஆகும், அப்படியே முழுசாக எடுக்கச் சொல்லுங்கள். "சின்னதாக்கித் தரேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எடுத்த பிறகு ஃபைலாக வாங்குங்கள். தட்டு வேண்டுமானால் கூடுதலாக ஒன்று, ஆனால் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஃபைலை ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்து வீட்டில், இன்னொன்றில் மகனிடம், மூன்றாவது கிளவுடில். பென் டிரைவைப் பெட்டகத்தில் போட்டு மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து வந்து என் முகத்தைப் பார்க்காதீர்கள். பட்டுச் சேலையை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிறீர்களே, அதே போலத்தான். பிள்ளையார் நோன்புக்கு வீட்டைத் திறக்கும்போது ஒரு முறை போட்டுப் பாருங்கள், சில வருடங்களுக்கு ஒரு முறை புது டிஸ்குக்கு மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சில்வர்த் தூக்குவாளி வரைக்கும் விலாசம் வெட்டி வைக்கிற ஊர் இது. வீடியோவில் இருப்பவர் யார் யார் என்று எழுதி வைக்க மட்டும் ஆள் இல்லை. ஆச்சி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, ஓட ஓட "இவுக யாரு, அவுக யாரு" என்று கேட்டுப் போனில் பதிந்து வையுங்கள். அந்த நாற்பத்தோரு நிமிடத்தை என் கடையில் பார்த்தபோது ஆச்சி எழுபது பேருக்காவது பெயர் சொன்னார்கள். மகனுக்கு அதில் ஆறு பேரைத்தான் தெரிந்திருந்தது.

நேற்று ஆச்சி போன் செய்தார்கள். பங்காளி ஒருவர் அந்தக் கேசட்டை அப்போதே காப்பி எடுத்துத் தேவகோட்டை வீட்டில் வைத்ததாக ஞாபகம் வந்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று பங்காளிகளுக்கும் ஆளுக்கொரு சாவி, பெட்டகத்துச் சாவி மட்டும் சிங்கப்பூரில். தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்களாம். கிடைத்தால் ஓட்டிப் பார்க்காமல், திரும்பச் சுற்றாமல், அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். டெக்கின் பெல்ட்டை இன்றைக்கே மாற்றி வைத்தாயிற்று.