பீனிசம் வேறு, முகக் காற்றறை வேறு

வவுனியாவில் கைக்கு வந்த ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தில் மறுபடியும் அதே சொல்: ‘பீனிசப் புற்றுநோய்’. ‘சைனஸ் கான்சர்’ என்பதற்கு இந்தப் பெயர்ப்பை இனியும் பொறுக்க ஏலாது.

சைனஸ் என்பது இலத்தீன் சொல். மடிப்பு, வளைவு, குடா என்று பொருள். மருத்துவத்தில், மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் காற்று நிரம்பிக் கிடக்கும் வெற்றிடங்களைக் குறிக்கும். நான்கு சோடி. இவ்வளவு போதும்.

பீனிசமோ வடமொழிப் ‘பீனச’த்திலிருந்து வந்தது. சிங்களத்திலும் அதே சொல்தான். சிங்களப் பிரசுரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ. எங்கள் சனத்துக்குப் பீனிசம் என்றால் மூக்கடைப்பு, சளி, தலைப்பாரம். நொச்சியிலை அவித்து ஆவி பிடித்தால் கொஞ்சம் தணியும். அது நோயின் பெயர், உறுப்பின் பெயரல்ல. மூட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாதம் என்று எழுதுவார்களா?

இது வெறும் இலக்கணச் சண்டையல்ல. அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பனிக்காலச் சளிக்காரர் பயந்துபோகிறார். பயப்பட வேண்டியவரோ பயப்படுவதில்லை. மரக்காலையில் காலம் முழுக்க முதிரையும் பாலையும் அறுத்தவருக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, சளியோடு இரத்தம் வருகிறது; கன்னம் விறைக்கிறது, மேற்பல் ஆடுகிறது. ‘எனக்குப் பழைய பீனிசம்தானே’ என்று ஆவி பிடித்துக்கொண்டிருப்பார். வன்மரத் தூளுக்கும் இந்த அரிய புற்றுக்கும் தொடர்பு உறுதியானது. மூக்குக்குள் கமரா விட்டுப் பார்த்து, சி.ரி., எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் கண்ணுக்கோ மூளைப் பக்கமோ பரவியிருக்கிறதா என்று தெரியும். பெரும்பாலும் சத்திரசிகிச்சை, பிறகு கதிர்ச் சிகிச்சை. பிந்தினால் மேலண்ணத்தையும், சிலவேளை கண்ணையும் எடுக்கவேண்டி வரும்.

சரி, எந்தச் சொல்? இலத்தீனுக்கு விசுவாசமாகக் ‘குடா’ என்றால், முல்லைத்தீவு மீனவர் கடலைத்தான் பார்ப்பார். ‘நாசிப்புழை’ மூக்குத் துவாரத்தோடு குழம்பும். ‘சைனஸ்’ என்றே விடலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் ‘எனக்குச் சைனஸ் இருக்கு’ என்று சொல்லிச் சொல்லி அதையும் நோயாக்கிவிட்டோம். சைனஸ் யாருக்குத்தான் இல்லை?

என் தெரிவு ‘முகக் காற்றறை’. வெறும் காற்றறை என்றால் நுரையீரல் என்று நினைப்பார்கள், அதனால்தான் ‘முக’. மேல்தாடைக் காற்றறை, நெற்றிக் காற்றறை என்று பிரித்துச் சொல்லவும் வசதி. இந்தப் புற்று அதிகம் தொடங்குவது மேல்தாடைக் காற்றறையில்.

அதே பிரசுரத்தில் பயொப்சிக்கு ‘உயிர்ச்சோதனை’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறப்போகிறவரிடம் உயிரைச் சோதிக்கப்போகிறோம் என்றால் அவர் ஏறுவாரா? ‘இழையப் பரிசோதனை’ என்று பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லைக் கொண்டே எழுதலாமே. கட்டியில் துளி கிள்ளி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, அவ்வளவுதான்.