ஐஸ் டான்ஸுக்கு நல்ல தமிழ்: பனியாடல்

பனித்தளத்தில் ஸ்கேட் காலணியோடு இருவர் ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸ் என்பதற்குத் தமிழில் பெரும்பாலும் 'பனிச்சறுக்கு நடனம்' என்று எழுதுகிறார்கள். பொருள் புரிந்துவிடும், ஆனாலும் அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை. மலைச்சரிவில் நீளக் கட்டைகளை மாட்டிக்கொண்டு இறங்குவதும் நமக்குப் பனிச்சறுக்கு, அரங்கத்துக்குள் மெல்லிய தகடு வைத்த காலணியோடு வளைந்து ஓடுவதும் பனிச்சறுக்கு, இரண்டுக்கும் ஒரே பெயர். தென்னாப்பிரிக்காவில் டர்பன், வெருலம், சாட்ஸ்வொர்த் பக்கம் வளரும் நம் பிள்ளைகள் நிஜப் பனியைப் பார்ப்பதே அபூர்வம். ஜூலையில் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்தது என்று கேள்விப்பட்டு குடும்பத்தோடு காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் உண்டு. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாதபோது சொல்லாவது தெளிவாக இருக்க வேண்டும் இல்லையா?

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், அதாவது பனித்தளத்தில் இசைக்கு ஆடும் போட்டியில், ஆண்கள் தனி, பெண்கள் தனி, இணை, ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவுகள், அவை போக அணிப் போட்டி. இணைப் பிரிவும் ஐஸ் டான்ஸும் இரண்டிரண்டு பேராக ஆடுவதால் பலரும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். இணைப் பிரிவில் துணையைத் தலைக்கு மேலே தூக்கலாம், வீசி எறியலாம், காற்றில் மூன்று சுற்று சுற்றித் தரையிறங்கலாம். ஐஸ் டான்ஸில் அதெல்லாம் கிடையாது. தூக்கும் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது, சாதாரணத் தூக்கு ஒன்றை 7 வினாடிக்குள் முடித்தாக வேண்டும், எறிவது அறவே தடை. இவ்வளவையும் கழித்தால் மிச்சம் இருப்பது கால் வேலைதான், அந்தக் கால் வேலையில்தான் இந்த ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

காலணியின் தகட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் கோடுபோலத் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதன் இரு பக்கமும் உள் விளிம்பு, வெளி விளிம்பு என்று இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் சாய்ந்து போகிறார்கள், முன்னோக்கியா பின்னோக்கியா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, விளிம்பு மாறும்போது கோடு உடைகிறதா என்பதையெல்லாம் நடுவர்கள் பார்க்கிறார்கள். ட்விஸில் என்று ஒன்று உண்டு: ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே தளத்தின் குறுக்கே நகர வேண்டும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். ஒருவர் அரைச் சுற்று பிந்தினாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். இவ்வளவு நெருங்கி ஆடும்போது ஒருவர் தகடு இன்னொருவர் காலில் சிக்கக் கூடாது என்பதற்காகவே ஐஸ் டான்ஸ் தகட்டின் பின்பகுதியை மற்றவற்றைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் குட்டையாகச் செய்கிறார்கள்.

சரி, ஸ்கேட் என்ற சொல் எங்கிருந்து வந்தது? இங்கே பள்ளியில் டச்சு வழிவந்த ஆஃப்ரிகான்ஸ் மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். ஐஸுக்கு ஆஃப்ரிகான்ஸில் எய்ஸ், ஐஸ்கிரீமுக்கு ரூம்எய்ஸ், ஸ்கேட்டுக்கு ஸ்காட்ஸ். ஆங்கில ஸ்கேட்டும் இந்த டச்சுக் குடும்பத்துச் சொல்தான். டச்சுச் சொல்லின் கடைசி 'ஸ்' பன்மை விகுதி என்று எண்ணி அதை வெட்டிவிட்டு ஆங்கிலேயர் ஸ்கேட் என்று ஒருமை செய்துகொண்டார்கள். டச்சுக்கு அது வட பிரான்சின் பழைய மொழியிலிருந்து போனது, அங்கே அதன் பொருள் பொய்க்கால்! மரக்காலைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கான சொல் பிறகு பனிக்கட்டிமேல் ஓடும் காலணிக்கு ஆகிவந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று மரக்கால் ஆடல். அவுணர்கள், அதாவது அசுரர்கள், பாம்பும் தேளுமாக உருவெடுத்து வர, கொற்றவை மரக்கால்மேல் நின்று அவற்றை மிதித்து ஆடியது என்று உரைகள் சொல்லும். இரண்டு சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் காலில் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆடுவதை ஆடல் வரிசையிலேயே வைத்த மொழி நம்முடையது. ஐஸ் டான்ஸை ஏன் சறுக்கல் வரிசையில் வைக்க வேண்டும்?

சறுக்கு என்றாலே நமக்குக் கால் வழுக்குவதுதான் முதலில் தோன்றும். யானைக்கும் அடி சறுக்கும், தேர்தலில் கட்சிக்குச் சறுக்கல். ஒவ்வொரு விளிம்பையும் பிடியில் வைத்து ஆடுகிறவர்களுக்கு இது பொருந்தாத பெயர். ஆடு என்ற வினையோ நடனத்துக்கும் விளையாட்டுக்கும் சேர்த்தே வருகிறது. ஊஞ்சலாடுகிறோம், நீராடுகிறோம், விளையாடுகிறோம், மேடையிலும் ஆடுகிறோம். நடனமாகவும் போட்டியாகவும் இருக்கும் ஒன்றுக்கு இதைவிட நல்ல வினை எது? அதனால் பனியாடல். பனியாட்டம் என்றும் சொல்லலாம், ஆனால் பேச்சில் 'பனியாட்டம் வெள்ளை' என்றால் பனிபோல வெள்ளை என்று ஆகிவிடும், ஆகவே ஆடலே நல்லது.

இந்த ஆடல் வளர்ந்த கதையும் சொல்லுக்குத் துணை நிற்கிறது. 1860களில் ஜாக்சன் ஹெயின்ஸ் என்ற அமெரிக்கர் வியன்னாவில் பாலேயையும் வால்ட்ஸையும் பனித்தளத்துக்குக் கொண்டுவந்தார். 1952இல் பாரிஸில் உலகப் போட்டியில் இடம், 1976இல் இன்ஸ்ப்ரூக்கில் ஒலிம்பிக்கில் இடம். 1984இல் சராயேவோ ஒலிம்பிக்கில் ராவெலின் பொலேரோ இசைக்கு பிரிட்டன் ஜோடி டார்வில், டீன் ஆடியபோது கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 கொடுத்தார்கள். முன்பு அந்தப் பெண் இன்சூரன்ஸ் அலுவலக ஊழியர், அந்த ஆண் போலீஸ்காரர். முழுநேர ஆடலுக்காக இருவரும் வேலையை விட்டவர்கள்.

பனியாடல் வாழ்க்கையில் எல்லாம் துணையைப் பொறுத்தது. கனடாவின் டெஸ்ஸா வர்ச்சுவும் ஸ்காட் மோயரும் 1997இல் ஜோடி சேர்ந்தபோது ஒருவருக்கு 7 வயது, மற்றவருக்கு 9. 2010இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம், இடையே 2008இலும் 2010இலும் வர்ச்சுவின் கால்களில் அறுவைச் சிகிச்சை. துணை விலகினால் பாதி வாழ்க்கை அப்படியே நின்றுவிடும். வேறு நாட்டில் துணை கிடைத்தாலும் ஒலிம்பிக்குக்கு இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்களாக வேண்டும். சீனியர் பிரிவுப் போட்டியில் இறங்க இப்போது 17 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

நம் நாடு 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு நான்கு ஸ்கேட்டிங் வீரர்களை அனுப்பியது. பிறகு நிறவெறி ஆட்சியால் கதவு மூடியது, 1994 லில்லஹாமரில்தான் திரும்பத் திறந்தது. பனியாடலில் மட்டும் தென்னாப்பிரிக்க ஜோடி எதுவும் ஒலிம்பிக்குக்குப் போனதில்லை. போகும் நாள் வந்தால் நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தமிழில் பேச வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் மற்ற சொற்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கைக் கோலச் சறுக்கு எனலாம்; 1990 வரை எட்டு போன்ற வடிவங்களைத் தகட்டால் பனிக்கட்டியில் வரைவதே அதில் ஒரு போட்டியாக இருந்தது. ஜோடிப் பிரிவு இணைச் சறுக்கு. பனியாடலின் முதல் சுற்றான ரிதம் டான்ஸ் தாள ஆடல், ஒவ்வொரு பருவத்துக்கும் என்ன தாளம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இரண்டாவது, 4 நிமிட ஃப்ரீ டான்ஸ், விருப்ப ஆடல். பேட்டர்ன் டான்ஸ் எனப்படும் வரையறுத்த காலடிகளுக்குப் பரதத்தின் அடவு அப்படியே பொருந்தும். 2010இல் அமெரிக்காவின் டேவிஸும் வைட்டும் இந்தியத் திரையிசைக்கு முத்திரை பிடித்து ஆடியதைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். ட்விஸிலை மட்டும் நான் ட்விஸில் என்றே விட்டுவிடுகிறேன், வால்ட்ஸ், டாங்கோ மாதிரி அது உலகம் முழுக்க ஒரே பெயர். ஆடுகிறவரைச் செய்தியில் பனியாடல் வீரர், வீராங்கனை என்றும், போட்டியை விட்டுக் காட்சிகளுக்குப் போன பிறகு பனியாடல் கலைஞர் என்றும் எழுதலாம்.