அன்இன்சூர்டு மோட்டாரிஸ்ட் கவரேஜ்: சொல்லும் பொருளும்

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘காப்பீடில்லாத ஓட்டுநர் காப்பீடு’ என்று வரும். படிப்பவர் என்ன நினைப்பார்? காப்பீடு எடுக்காமல் வண்டி ஓட்டுபவருக்கு அரசு ஏதோ சலுகைத் திட்டம் வைத்திருக்கிறது என்றுதான். பொருள் அதற்கு நேரெதிர். காப்பீடு எடுக்காத ஒருவர் தம்மை இடித்துவிட்டால், காப்பீடு எடுத்தவர் தம் சொந்த நிறுவனத்திடமே இழப்பீடு பெறுவதற்கு முன்கூட்டியே பணம் கட்டி வைக்கும் ஏற்பாடு இது. அமெரிக்கக் கார் பாலிசிகளில் யூ.எம். என்று சுருக்கி எழுதுவார்கள். அருகிலேயே யூ.ஐ.எம். என்று இன்னொன்றும் இருக்கும். அது, இடித்தவரிடம் காப்பீடு இருந்தும் தொகை போதாமல் போகும் நேரத்துக்கானது.

இந்தக் காப்பின் விதிகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளைக்கின்றன. விபத்துக்குக் காரணமானவரிடம் இருந்திருக்க வேண்டிய லயபிலிட்டி பாலிசியின், அதாவது தம் தவறால் பிறருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் பாலிசியின் இடத்தில் உங்கள் நிறுவனம் வந்து நிற்கிறது. அதனால் தவறு எதிராளியுடையது என்று காட்டினால்தான் பணம். அவர் சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு தரக் கடமைப்பட்டவரோ அவ்வளவுதான் கிடைக்கும், அதுவும் பாலிசி வரம்புக்குள். கலிபோர்னியாவில் தவறில் 20 விழுக்காடு உங்கள் பங்கு என்றால் தொகையிலும் 20 விழுக்காடு குறையும். டெக்சஸில் உங்கள் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. ‘நம்ம கம்பெனிதானே’ என்ற நினைப்பில் பேசப் போகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். பிரீமியம் வாங்கிய அதே நிறுவனம், கிளெய்ம் வந்த அன்று எதிராளியின் வக்கீலைப் போலக் கேள்வி கேட்கும். அப்படிக் கேட்க அதற்கு உரிமையும் உண்டு.

இனி, சொல்லின் பிறப்பு. அமெரிக்காவில் கார் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் மாசசூசெட்ஸ், 1927இல். அடுத்த மாநிலமான நியூயார்க் அந்த வழிக்கு வர ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. கட்டாயச் சட்டம் பரவுவதைக் காப்பீட்டு நிறுவனங்கள் விரும்பவில்லை. ‘எல்லோரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், காப்பீடு இல்லாதவர் இடித்தால் எங்கள் வாடிக்கையாளருக்கு நாங்களே தருகிறோம்’ என்று 1950களின் நடுவில் அவை கொண்டுவந்த மாற்றுதான் யூ.எம். பாலிசிகளில் அதைச் சேர்க்க வேண்டும் என்று முதலில் சட்டம் செய்த மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர், 1957இல். வேடிக்கை என்னவென்றால், கார் காப்பீட்டையே பொதுவாகக் கட்டாயமாக்காத மாநிலமாக இன்றும் இருப்பது அதே நியூ ஹாம்ப்ஷயர்தான்.

மற்ற நாடுகளில் இதே சிக்கலைத் தீர்க்கும் வழி வேறு. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1946இல் அமைத்த பொது அமைப்பு, காப்பீடற்ற வண்டியால் அடிபட்டவருக்கு இழப்பீடு தருகிறது. இந்தியாவில் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாதபோது, அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். ஆகவே ஊரில் கார் ஓட்டிப் பழகி அமெரிக்கா வருகிறவர்களுக்கு யூ.எம். என்ற வரி புதியது. தெரியாததை வேண்டாம் என்று டிக் செய்துவிடுவது இயல்புதான். செலவு பிறகுதான் தெரியும்.

இன்சூர் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘செக்யூரஸ்’, அதாவது கவலை நீங்கியது. அதிலுள்ள உறுதி என்ற சாயலை இலங்கைத் தமிழின் ‘காப்புறுதி’ நன்றாகப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் வழங்குவது ‘காப்பீடு’. அதன் பின்பாதியை முதலீடு, மதிப்பீடு போல ‘இடு’ நீண்டது என்றும் கொள்ளலாம். இழப்பீட்டில் வரும் ஈடு என்றும் கொள்ளலாம். நம் பொருளுக்கு இரண்டாவதுதான் நெருக்கம்.

மோட்டாரிஸ்ட்டை ‘ஓட்டுநர்’ என்றால் கொஞ்சம் வழுக்கும். காப்பீடு இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் வண்டியைப் பற்றிய கேள்வி. பாலிசிகளின் வரையறைப் பகுதியும் ‘காப்பீடற்ற ஊர்தி’ எது என்றுதான் விளக்குகிறது. ஆகவே யூ.எம்.முக்கு ‘காப்பீடற்ற ஊர்தி விபத்துக் காப்பு’ என்பதும், யூ.ஐ.எம்.முக்கு ‘குறைகாப்பீட்டு ஊர்தி விபத்துக் காப்பு’ என்பதும் பொருந்தும். நீளம்தான், ஆனால் யாருக்கான காப்பு என்ற குழப்பம் வராது. பேச்சில் யூ.எம். என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

எது ‘காப்பீடற்ற ஊர்தி’? பாலிசியே இல்லாத வண்டி மட்டுமல்ல. பாலிசி இருந்தும் அந்த நிறுவனம் பொறுப்பேற்க மறுத்த வண்டி, நிறுவனமே நொடித்துப்போன வண்டி, இடித்துவிட்டுப் பறந்த அடையாளம் தெரியாத வண்டி ஆகியவையும் இதில் அடங்கும். அரசு வண்டிகளையும் சொந்தப் பொறுப்பில் ஓடும் பெரு நிறுவன வண்டிகளையும் கலிபோர்னியா சட்டம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றிடம் நேராகவே இழப்பீடு கேட்க வேண்டும்.

காப்பு இரண்டு பிரிவாக விற்கப்படுகிறது: உடற்காயத்துக்கு ஒன்று, பொருட்சேதத்துக்கு ஒன்று. முதலாவதுதான் பெரியது. மருத்துவமனைச் செலவு, இனி ஆகப்போகும் சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்களின் சம்பளம், உடல் வலிக்கும் மன வேதனைக்கும் உரிய தொகை, உயிர் போனால் குடும்பத்துக்கு உரியது எல்லாம் இதில் வரும். வலிக்கான தொகையை மருத்துவக் காப்பீடு எந்நாளும் தராது. ‘ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கிறதே, யூ.எம். எதற்கு’ என்பவர்கள் மறப்பது இதையும் சம்பள இழப்பையும்தான். உங்களோடு ஒரே வீட்டில் வாழும் உறவினருக்கும், அந்த நேரத்தில் உங்கள் காரில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் நடந்து போகும்போதோ சைக்கிளில் போகும்போதோ காப்பீடற்ற கார் இடித்தாலும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

தராதவை: உங்கள் தவறால் நேர்ந்த விபத்து, எதிராளியின் காயம், எதிராளியின் வண்டி. உங்களுக்கே சொந்தமாக இருந்தும் பாலிசியில் சேர்க்காமல் ஓட்டிய இன்னொரு வண்டியில் அடிபட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். வேலை நேரத்து விபத்தில் தொழிலாளர் இழப்பீடாக வந்தது கலிபோர்னியாவில் கழிக்கப்படும்.

காரின் சேதம் தனிக்கதை. உடற்காயப் பிரிவு மட்டும் எடுத்தவருக்கு நசுங்கிய பம்பருக்குக்கூட ஒரு டாலர் வராது. கலிபோர்னியாவில் பொருட்சேதப் பிரிவின் உச்சவரம்பு வெறும் 3,500 டாலர். இன்றைய காரில் ஒரு பக்கம் ஒடுங்கினாலே அது தீர்ந்துவிடும். அதையும் பெற, இடித்த வண்டியின் எண்ணோ ஓட்டியவரோ தெரிந்திருக்க வேண்டும். எனவே நிறுத்தியிருந்த காரை யாரோ கீறிவிட்டுப் போனால் இது உதவாது, யார் தவறானாலும் மோதலில் உங்கள் காருக்கு நேர்ந்த சேதத்துக்குத் தரும் கொலிஷன் காப்புதான் கைகொடுக்கும். கொலிஷன் இருப்பவர்கள் இந்தப் பிரிவுக்குப் பதிலாக, காப்பீடற்றவர் இடித்தால் டிடக்டிபிளை, அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகையைத் தள்ளுபடி செய்யும் சிறு இணைப்பை வாங்குகிறார்கள். டெக்சஸில் பொருட்சேதப் பிரிவு தாராளம். 250 டாலர் டிடக்டிபிள் போக, பழுதுபார்ப்புச் செலவோடு வாடகைக் காருக்கும் காரிலிருந்த பொருளுக்கும் சேர்த்துத் தரும்.

ஓடிப்போன வண்டி விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. ஒருவர் திடீரென்று குறுக்கே வெட்டுகிறார், நீங்கள் ஒடித்துத் தடுப்பில் மோதுகிறீர்கள், அவர் உரசாமலே போய்விடுகிறார். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் இதற்கு யூ.எம். இல்லை, அந்த வண்டி தொட்டிருக்க வேண்டும். பொய்யான ‘மாய வண்டி’க் கதைகளைத் தடுக்க வைத்த விதி இது. உண்மையாக அடிபட்டவரையும் சேர்த்தே அடிக்கிறது. தொட்டுவிட்டு ஓடியிருந்தால், கலிபோர்னியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு உறுதிமொழி வாக்குமூலம் தர வேண்டும்.

யூ.ஐ.எம். கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கலிபோர்னியாவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி 1967 முதல் ஆளுக்கு 15,000 டாலராகவே கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல் ஆளுக்கு 30,000, விபத்துக்கு 60,000. உங்கள் இழப்பு 1,50,000 டாலர், இடித்தவரிடம் இருப்பது 30,000, உங்கள் யூ.ஐ.எம். வரம்பு 1,00,000 என்று வைப்போம். கலிபோர்னியாவில் அவருடைய 30,000 உங்கள் வரம்பிலிருந்து கழியும். உங்கள் நிறுவனம் தருவது 70,000, மொத்தம் 1,00,000. டெக்சஸில் கழிப்பது இழப்புத் தொகையிலிருந்து என்பதால் மொத்தம் 1,30,000 வரை போகலாம். உங்கள் வரம்பும் 30,000 என்றால் கலிபோர்னியாவில் யூ.ஐ.எம். தருவது பூஜ்யம். பிரீமியம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று: எதிராளியின் 30,000 முழுதும் வந்து தீர்ந்தால்தான் கலிபோர்னியாவில் உங்கள் யூ.ஐ.எம். திறக்கும். அலைச்சல் வேண்டாம் என்று 28,000க்குச் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டவருக்கு அது மூடியபடியே இருக்கும்.

‘ஃபுல் கவரேஜ்’ என்று முகவர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். அந்தப் பெயரில் தனியாக ஒரு காப்பு கிடையாது. பாலிசியின் முதல் தாளில் யூ.எம். உடற்காய வரி இருக்கிறதா, அதன் வரம்பு லயபிலிட்டி வரம்புக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலிபோர்னியா, டெக்சஸ் இரண்டிலும் இதை வேண்டாம் என்று சொல்ல எழுத்து மூலமான மறுப்பு தேவை. வரி இல்லையென்றால், ஆன்லைனில் பாலிசி எடுத்த நாளில் படிக்காமல் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றாக இருந்திருக்கும்.

தொகையில் உடன்பாடு வராவிட்டால் கலிபோர்னியாவில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது, ஒரு நடுவரிடம் போகும். யூ.எம். கிளெய்முக்குக் கெடு விபத்து நாளிலிருந்து 2 ஆண்டு. அதற்குள் இடித்தவர் மேல் வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது தொகை முடிவாகியிருக்க வேண்டும், அல்லது நடுவர் விசாரணை வேண்டும் என்று ஒப்புகை அட்டையுடன் சான்றஞ்சலில் நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டும். கிளெய்ம் எண் வாங்கியதும், கிளெய்மை ஆராயும் நிறுவன அலுவலரான அட்ஜஸ்டரோடு மாதக்கணக்கில் போனிலும் மின்னஞ்சலிலும் பேசியதும் இந்த மூன்றில் எதிலும் சேராது.