மனுவில் ஏன் இத்தனை ‘மேலும்’?

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்று காலையில் என்னிடம் மனு எழுத வருகிறவர்களில் பலர், வீட்டிலேயே ஒன்றை எழுதிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்கிப் படித்தால் வரிக்கு வரி ‘மேலும்’.

2018 தொடக்கத்தில் குலசேகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த தாள் இது: “ஒக்கி புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்தன. மேலும் கடன் தவணை கட்டவில்லை. மேலும் நோட்டீஸ் வந்துள்ளது. மேலும் அவகாசம் வேண்டும்.”

படிக்கிற அதிகாரிக்கு இது நாலு தனித்தனிச் சங்கதி. அதிலும் ‘கட்டவில்லை’ என்று மொட்டையாக நிற்பது, வேண்டுமென்றே கட்டாதவர் போலக் காட்டுகிறது.

தாளை மடித்து வைத்துவிட்டு, “நடந்ததை வாயால சொல்லுங்க தாத்தா” என்றேன்.

“அதுவரைக்கும் ஒழுங்காட்டு கெட்டிட்டுதான் இருந்தேன் மக்ளே. ஆனா புயலுல மரமெல்லாம் சாஞ்சு போச்சு. அதுகொண்டு கெட்ட முடியல்ல.”

‘ஆனா’, ‘அதுகொண்டு’. பேச்சில் தானாக வந்த இரண்டும் பேனா பிடித்ததும் எங்கோ போய்விட்டன.

நான் எழுதிக் கொடுத்தது: “2017 நவம்பர் வரை தவணையைத் தவறாமல் கட்டிவந்தேன். ஆனால் நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்ததால் வருமானம் நின்றுபோனது. எனவே, தவணை கட்ட அவகாசம் பெற்றுத்தர வேண்டுகிறேன்.”

‘ஆனால்’ வந்ததும் அதற்கு முந்தைய வரியில் அவருடைய நாணயம் தெரிகிறது. ‘சாய்ந்ததால்’ என்பதன் ‘ஆல்’ காரணத்தைச் சொல்லிவிடுகிறது, தனிச்சொல் தேவையில்லை. ‘எனவே’ மனுவுக்கு ஒன்று போதும், கோரிக்கைக்கு முன்னால் மட்டும் என்பது என் கணக்கு. ‘மேலும்’ தப்பான சொல்லல்ல. கிணறும் தூர்ந்திருந்தால் அதைச் சொல்ல எழுதலாம். ‘ஏனென்றால்’ என்று தொடங்கி ‘என்பதால்’ என்று முடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

‘மற்றும்’ இன்னும் வில்லங்கம். பட்டா மனு ஒன்றில், “நிலம் என் தம்பி மற்றும் மனைவி பெயரில் உள்ளது” என்றிருந்தது. யார் மனைவி? “தம்பி பெயரிலும் அவன் மனைவி பெயரிலும்” என்று ‘உம்’ போட்டுத் திருத்திக்கொண்டே, எதற்கும் கேட்டுவிடுவோமென்று நிமிர்ந்து பார்த்தேன்.

“அய்யோ, எனக்க பெண்டாட்டியாக்கும். தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆகல்ல” என்றார்.