ஒரு பாக்கெட் விதையை ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் தோட்டக்கலை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கேள்வியோடு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். "மேடம், ஆடியில் வாங்கிய விதை நன்றாகத்தான் வந்தது. ஐப்பசி வரைக்கும் சாப்பிட்டோம். இப்போது ஒன்றும் இல்லை. வேறு விதை இருக்கிறதா?" போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, புரட்டாசியில் பறித்து மாளாமல் முற்றிய வெண்டைக்காயை மாட்டுக்குப் போட்டதாகச் சொன்னார். சொன்ன கையோடு, சந்தையில் கால் கிலோ வெண்டைக்காய் என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் சொல்லி வருத்தப்பட்டார். அவர் வீட்டில் கிணறு இருக்கிறது. ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. பாடுபட ஆளும் இருக்கிறது. மண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதைத்த விதம்தான் தவறு.

தண்ணீர் இல்லை, வெயில் கொல்லுகிறது, விதை சரியில்லை என்று காரணம் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். விசாரித்தால் பத்து வீட்டில் எட்டு வீட்டின் கதை ஒன்றுதான்: ஆடி பதினெட்டை ஒட்டி, கையிலிருந்த எல்லாப் பாக்கெட்டையும் கிழித்து, எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பழமொழி சொல்வார்கள். அந்தப் பழமொழி மழையை நம்பிய மானாவாரிக் காட்டுக்குச் சொன்னது. ராகிக்கும் துவரைக்கும் மொச்சைக்கும் அது பொருந்தும். கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் வளர்க்கும் புழக்கடைத் தோட்டத்துக்கு ஆடியும் ஒரு பட்டம், அவ்வளவுதான். புரட்டாசி, கார்த்திகை, தை, சித்திரை என்று இன்னும் எத்தனையோ பட்டங்கள் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கிராம் வெண்டை விதையில் ஏறக்குறைய 150 விதைகள் இருக்கும். விதைத்த 45 நாளில் காய்க்கத் தொடங்கி, 90, 100 நாளில் செடி ஓய்ந்துவிடும். 150 செடியும் சேர்ந்து காய்க்கும்போது ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வரும். நான்கு பேர் உள்ள வீட்டில் தினமும் ஒரு கிலோ வெண்டைக்காயை யார் தின்பது? அதே விதையில் இருபதை மட்டும் இன்று ஊன்றுங்கள். முப்பது நாள் கழித்து இன்னும் இருபது. அதற்கு முப்பது நாள் கழித்து மறுபடி இருபது. இருபது செடி இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு பொரியலுக்குக் காணும். முதல் செட் ஓயும்போது இரண்டாவது செட் நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும். ஒரே பாக்கெட் ஏழு தடவைக்கு வரும். மீதி விதையை ஈரம் படாத டப்பாவில் இறுக மூடி, வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். வெண்டை, கத்தரி, தக்காளி விதைகள் அடுத்த ஆண்டும் முளைக்கும். வெங்காய விதை மட்டும் காத்திருக்காது.

கீரையில் இந்தத் தவறு இன்னும் மோசம். சிறுகீரையும் முளைக்கீரையும் 21 முதல் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அதற்குமேல் விட்டால் தண்டு முற்றிப் பூத்துவிடும். ஒரே பாத்தியில் ஐம்பது கிராம் விதையைத் தூவிவிட்டு, ஒரு வாரம் தெருவுக்கே கீரை கொடுத்து, பிறகு இரண்டு மாதம் கட்டுக்கீரை வாங்குகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான்கு சிறு பாத்தி போடுங்கள். வாரத்துக்கு ஒரு பாத்தியில், ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவுங்கள். நான்காவது பாத்தி விதைக்கும் வாரத்தில் முதல் பாத்தி பறிக்கத் தயாராக இருக்கும். இதற்கு வேண்டியது வாரத்தில் கால்மணி நேரம். அரைக்கீரைக்கு அதுவும் வேண்டாம். நறுக்க நறுக்கத் துளிர்க்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும், அதில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்கிறது. நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. கார்த்திகையில் கூடை கூடையாகப் பறித்துவிட்டுச் சித்திரையில் ஊறுகாயோடு களி தின்றால் இந்தக் கணக்கு நேராகாது.

ஆகவே திட்டத்தைச் சித்திரையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் என்ன சாப்பிடப்போகிறோம்? அதற்கான விதைப்பு தையிலும் மாசி முதல் பாதியிலும் நடக்க வேண்டும். தோட்டம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் கையைக் கழுவும் நேரம் அதுதான். வெயிலைத் தாங்குபவை கொத்தவரை, வெண்டை, பீர்க்கு, தண்டுக்கீரை. கோடை வெண்டையை வெள்ளை ஈ மூலம் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தாக்கும். அர்க்கா அனாமிகா போல எதிர்ப்பு உள்ள ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். தக்காளிக்கு அந்த வெயிலில் பூ கொட்டும், காய் பிடிக்காது. அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். புளி உலுக்கி வீட்டில் வைத்திருக்கும் காலம்தானே அது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும்போது உங்கள் வீட்டிலும் பாதித் தோட்டம் தக்காளியாக இருப்பதில் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு செடி போதும்.

ஆடியிலேயே போட்டாக வேண்டியவையும் உண்டு. பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். தையில் ஊன்றினால் கொடி பந்தலை மூடும், பூ வராது. பூசணியையும் பரங்கியையும் ஆடியில் போட்டு, நன்றாக முற்றியபின் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பங்குனி வரை கெடாது. சேனையை வைகாசியில் நட்டால் தை, மாசியில் தோண்டலாம். அதுவும் கோடைக்கு உதவும். சுண்டை வற்றலையும் கொத்தவரை வற்றலையும் நம் பாட்டிமார்கள் போட்டு வைத்தது இந்த மூன்று மாதத்துக்காகத்தான்.

காய்கறிப் பாத்தி எதையும் தொடங்குமுன் மரங்களையும் நீண்டகாலச் செடிகளையும் நடுங்கள். இடத்தின் வடக்கு ஓரமாக முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, பப்பாளி. கழுவுநீர் போகும் வாய்க்கால் ஓரம் வாழை. வடக்கில் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி பாத்தியில் நிழல் விழாது. முருங்கை காய்த்துத் தள்ளுவதே பங்குனி, சித்திரையில்தான், மற்றெல்லாம் கைவிரிக்கும் நேரத்தில். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதமே காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். கோவைக்காய்க்கு விதைகூட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு தண்டு வாங்கி நட்டுப் பந்தலில் ஏற்றினால் சில ஆண்டுகளுக்குக் காய் தரும். காய்த்து ஓய்ந்த கத்தரியைப் பிடுங்காமல், ஒரு முழம் விட்டு வெட்டித் தொழுவுரம் போடுங்கள். இரண்டாம் தடவையும் காய்க்கும். அதன் பிறகு அதே இடத்தில் தக்காளியோ மிளகாயோ நடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், வாடல் நோயும் நூற்புழுவும் மூன்றுக்கும் பொது. அங்கே அவரையினமோ கீரையோ வரட்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எளிதாக வரும். குளிர்ந்த மேட்டு நிலம். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அரூரிலும் ஊத்தங்கரையிலும் பங்குனியில் முட்டைக்கோஸ் நடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆசை இருந்தால் புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசியில் நடுங்கள்.

இனி, எனக்குக் கோபம் வருகிற விஷயங்கள். வயலுக்கு வாங்கி மிச்சமான பூச்சிமருந்தை வீட்டுத் தோட்டத்துக்கு அடிக்காதீர்கள். நேற்று மாலை அடித்துவிட்டு இன்று காலை அதே கீரையைக் குழந்தைக்கு மசித்துக் கொடுத்த வீடுகளை நான் அறிவேன். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. பூச்சி வந்தால், ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். சாயம் பூசிய விதை, மருந்து கலந்தது. விதைத்தபின் கையைக் கழுவுங்கள், மீந்ததைக் கோழிக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கே உரியது. நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. கருவியில் சுத்திகரிக்கும் வீடுகளில், கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை "வீணாகிறதே" என்று கீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பும் ஃப்ளோரைடும் அதில்தான் செறிந்து இருக்கின்றன. அது வாசல் கழுவவும் கழிவறைக்கும் போகட்டும். கீரைக்கு மழைநீரோ ஒகேனக்கல் தண்ணீரில் அரிசி, காய் கழுவிய நீரோ விடுங்கள். ஃப்ளோரைடு உள்ள பகுதியில் கால்சியமும் வைட்டமின் சி-யும் நிறைந்த உணவு உடம்புக்கு மிகவும் வேண்டும். முருங்கைக்கீரையும் அகத்தியும் பப்பாளியும் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதற்காகவும்தான்.

பட்டம் தவறிவிட்டதே என்று இதைப் படித்தபின் அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டாம். எந்த மாதமாக இருந்தாலும் இந்த வாரம் ஒரு சிட்டிகை கீரை விதையைத் தூவுங்கள், ஒரு முருங்கை நடுங்கள். வெயில் காலமாக இருந்தால் பாத்திகளைக் குறைத்து, தென்னங்கீற்று நிழல் போட்டு, செடியடியில் சருகு பரப்புங்கள். மண்ணிலோ தண்ணீரிலோ உப்பு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரியுங்கள். எங்களிடம் விதை வாங்க வரும்போது, வீட்டில் எத்தனை பேர், எத்தனை பாத்தி, எந்த மாதத்தில் எது காலியாகும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்; உட்கார்ந்து சேர்ந்தே போட்டுத் தருகிறோம்.