ஜவ்வரிசியில் இனிப்பு இல்லை, சர்க்கரை இருக்கிறது

சேலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. “இனிப்பைத் தொடுவதே இல்லைங்க மேடம். சோற்றையும் குறைத்துவிட்டேன். காலையில் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சிதான்.” ஆத்தூர், வாழப்பாடி, தலைவாசல் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதை மனநிறைவோடு சொல்வார்கள். கையில் இருக்கும் பரிசோதனைச் சீட்டிலோ சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை அளவு 280, 300 என்று நிற்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கஞ்சியில் ஒரு சிட்டிகைச் சீனிகூட விழுந்திருக்காது. உடலுக்குள் போன சர்க்கரை மட்டும் குறையவில்லை.

இது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம், தேர்வோடு மறந்துவிட்டோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பேர் உள்ள நாட்டில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பது அவசியம் என்றே நினைக்கிறேன்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்தான். ஆறு கார்பன், 12 ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு. அப்படிப்பட்ட குளுக்கோஸ்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மல்லிகைச் சரம் போலத் தொடுக்கப்பட்டிருந்தால் அது மாவுச்சத்து. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இரண்டே இரண்டாக இணைந்திருந்தால் அது நாம் காபியில் போடும் சீனி. நாக்கால் சிறிய மூலக்கூறுகளைத்தான் இனிப்பு என்று அடையாளம் காண முடியும். நீண்ட சரம் அதற்குப் பிடிபடாது. ஆகவே நாக்கை நம்பி உணவைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுகிறார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மென்றுகொண்டிருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சரத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று: காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டை வேகாத ஜவ்வரிசி மேல் விடுங்கள். பழுப்பு நிறச் சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறும். மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் சரம் சுருள் சுருளாக இருக்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுந்துகொள்வதால் வரும் நிறம் அது. சீனி மேல் அதே சொட்டை விட்டால் இந்த நிறம் வராது. (சோதனைக்கு எடுத்த ஜவ்வரிசியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.) என்னிடம் வரும் குடும்பங்களிடம் குழந்தைகளை வைத்து இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். தாத்தாவின் கஞ்சிக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பேரப்பிள்ளை சொன்னால் அவர் கேட்டுக்கொள்கிறார்.

ஜவ்வரிசியைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அது நம் ஊர்ப் பண்டம். 1943-44 வாக்கில் குடிசைத் தொழிலாக இங்கே தொடங்கியது. 1981இல் உற்பத்தியாளர்களுக்காகச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எத்தனையோ விவசாயக் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு, ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஊட்டச்சத்தின் கண்ணோடும் பார்க்க வேண்டும்.

ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் சீவி, கழுவி, துருவி, தண்ணீர் சேர்த்து அரைத்தால் பால் வருகிறது. சல்லடையில் வடித்த அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். மாவுச்சத்து குளிர்ந்த நீரில் கரையாது. அதனால் அடியில் வெள்ளைவெளேரென்று படிகிறது. மேலே நிற்கும் தண்ணீரில் கரையக்கூடிய எல்லாமே, அதாவது கிழங்கில் கொஞ்சநஞ்சம் இருந்த புரதம், தாது உப்பு, வைட்டமின் சி, வடிகாலோடு போய்விடும். படிந்த மாவை எடுத்து உடைத்து, குலுக்கி உருண்டையாக்கி, சூட்டில் வறுத்து, காய வைத்தால் ஜவ்வரிசி. ஒவ்வொரு கட்டத்திலும் மாவுச்சத்தைத் தவிர மற்றதெல்லாம் விலக்கப்படுகிறது. தொழிலின் நோக்கமே அதுதான் என்பதால் ஆலைக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தறிக்குப் போகும் பாவுக்குக் கஞ்சி போடவும் இதே மாவு பயன்படுகிறது.

சல்லடையில் தங்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதை மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். எனக்கு இந்தத் திப்பியைப் பற்றிப் பேசப் பிடிக்கும், ஏனென்றால் பாடத்தின் முக்கியமான பகுதி அதில் இருக்கிறது. திப்பியில் வடியாமல் தங்கிய மாவுச்சத்தோடு செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளும் இருக்கிறது. செல்லுலோஸும் முழுக்க முழுக்கக் குளுக்கோஸால் ஆனதுதான்! மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் ஆல்ஃபா என்ற வகைப் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. செல்லுலோஸில் பீட்டா வகை. வேறுபாடு அவ்வளவே. ஆல்ஃபா பிணைப்பை வெட்டும் நொதி நம்மிடம் இருக்கிறது, பீட்டாவை வெட்டுவது இல்லை. மாட்டிடமும் இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. ஆகவே ஓர் உணவு உடலுக்குள் எவ்வளவு சர்க்கரையாக மாறும் என்பதை, அதன் பிணைப்பை நம் குடலால் வெட்ட முடியுமா, எவ்வளவு வேகமாக வெட்ட முடியும் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கீரையும் காயும் முழுத் தானியத்தின் தவிடும் தட்டில் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். அவற்றின் நார் வெட்டுப்படாமல் கடந்துபோகும். போகிற வழியில் மற்றதன் வேகத்தையும் தணிக்கும்.

ஜவ்வரிசியில் அப்படித் தடுக்க எதுவும் இல்லை. குச்சிக்கிழங்கு மாவுச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமைலோபெக்டின் என்ற கிளை கிளையான வகை. கிளைகள் அதிகம் என்றால் நொதி கைவைக்க முனைகளும் அதிகம். வேகும்போது நீரை உறிஞ்சிக் குழைந்து, இன்னும் எளிதாக வெட்டுப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்து. புரதம் ஒரு கிராமைக்கூட எட்டாது. அதே எடை அரிசியில் புரதம் ஏழெட்டு கிராம், பாசிப்பருப்பில் 24 கிராம் அளவுக்கு இருக்கிறது. கஞ்சிக்கு 50 கிராம் ஜவ்வரிசி போட்டால் எட்டு ஒன்பது டீஸ்பூன் சீனிக்கு ஈடான சர்க்கரை ரத்தத்துக்குப் போகிறது.

போன குளுக்கோஸ் என்ன ஆகிறது? கொஞ்சம் உடனே எரிகிறது. கொஞ்சத்தை உடல் மீண்டும் சரமாகத் தொடுத்துக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம்தான் பிடிக்கும். இடம் நிறைந்த பிறகு மிஞ்சுவது கொழுப்பாக மாறும். எண்ணெயே சேர்க்காமல் சமைக்கும் வீட்டிலும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சர்க்கரை நோயில் ரத்தத்திலேயே தேங்கும் குளுக்கோஸ், சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தின்மீது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது ஒட்டியதுதான். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால்தான் எச்பிஏ1சி பரிசோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பட்டினி கிடந்தால் அந்த எண் மாறாது.

சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் எனக்கு ஒரு கவலை உண்டு. பல வீடுகளில் கைக்குழந்தைக்கு முதல் உணவு ஜவ்வரிசிக் கஞ்சி. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கும், படுத்த படுக்கையான பாட்டிக்கும் அதுவே. காய்ச்சலில் ஓரிரு நாள் என்றால் பாதகமில்லை. வாரக்கணக்கில் அதையே ஊட்டினால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. காயம் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். புரதத்தின் 20 வகை அமினோ அமிலங்களில் ஒன்பதை உணவிலிருந்து மட்டுமே பெற முடியும். எத்தனை கிண்ணம் மாவுச்சத்து கொடுத்தாலும் அவற்றை உடல் செய்துகொள்ளாது. கொழுப்பை முற்றிலும் ஒதுக்குவதும் தவறு. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பின் துணையோடுதான் உள்ளே சேரும்.

அப்படியானால் ஜவ்வரிசியே கூடாதா என்று கேட்கிறார்கள். கூடும். விரத நாளில் உப்புமா செய்தால் ஜவ்வரிசியைப் பாதியாகக் குறைத்து, வறுத்த நிலக்கடலையும் காய்கறியும் தாராளமாகச் சேருங்கள். குழந்தையின் கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கலந்து, சொட்டு நெய் விடுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நேரத்தில் ஊரெங்கும் ஊற்றும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் இதைவிட எவ்வளவோ மேல்; தவிட்டோடு அரைத்த தானியம் அது. ஆனால் ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது சாமை அரிசியை மூட்டையாக வாங்கி வந்து, இனிக் கணக்கே இல்லை என்று சாப்பிடுபவர்களையும் பார்க்கிறேன். சாமையிலும் 100 கிராமுக்கு 65 கிராம் அளவில் மாவுச்சத்து இருக்கிறது. நாரும் புரதமும் கூடுதலாக இருப்பது நல்லது, அளவு அதற்கும் உண்டு. மாம்பழமும் அப்படியே. காயாக இருந்தபோது இருந்த மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாக உடைகிறது. ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, உயிர் காக்கும் ஒரு செய்தி. சர்க்கரை திடீரென்று 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் ஒரு வாய் சீனி போட்டுக்கொள்வது வழக்கம். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. இரண்டாக இணைந்திருக்கும் சீனியை வெட்டும் நொதியையே அந்த மருந்துகள் தடுக்கின்றன. சீனி உள்ளே போயும் ரத்தத்துக்கு வரத் தாமதமாகும். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் தாமதம். வெட்டத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடிதான் அவர்களுக்கு உடனே கைகொடுக்கும்: 15 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். இந்த இரண்டு பெயரில் ஒன்று இருந்தால், மருந்துக்கடையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.